பரிஷ் கவுன்சில் எதிர்த்துவிட்டது, இனி எங்கள் கடை என்ன ஆகும்?

கிழக்கு இங்கிலாந்தின் ஒரு கிராமத்திலிருந்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊர் பெயரையும், ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களையும் நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவரும் கணவரும் யாழ்ப்பாணத்தவர்கள். லண்டனில் பல வருடம் மற்றவர்களின் கடைகளில் நின்றவர்கள், நான்கு வருடங்களுக்கு முன் இந்த ஊரின் ஒரே கடையை, உள்ளே இருக்கும் போஸ்ட் ஒஃபிஸ் கவுண்டரோடு சேர்த்து வாங்கினார்கள். மேல்மாடியில் குடியிருப்பு, இரண்டு பிள்ளைகள். பேப்பரும் பாலும் விற்று மட்டும் கடை தாக்குப்பிடிக்காது என்று, பின்பக்கக் களஞ்சிய அறையைச் சமையலறை ஆக்கி, வியாழன் முதல் சனி வரை மாலையில் றோல்ஸ், கொத்து, கறி எல்லாம் கட்டிக்கொடுக்க நினைத்தார்கள். மாவட்டக் கவுன்சிலுக்குப் பிளானிங் (கட்டடத்தின் பயன்பாட்டை மாற்ற அனுமதி கேட்கும்) விண்ணப்பம் போட்டாயிற்று, முடிவு வர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

போன மாதம் ஊர் மண்டபத்தில் பரிஷ் கவுன்சில் (ஊருக்கென்று உள்ள அடிமட்ட உள்ளூராட்சிச் சபை) கூட்டம். கணவர் கல்லாவில் நிற்க, இவர் மட்டும் போயிருக்கிறார். மூன்று நிமிடம் கொடுத்தார்கள். கை நடுங்கியதில் எழுதிக்கொண்டு போனதில் பாதியைத்தான் வாசிக்க முடிந்தது. பிறகு கவுன்சிலர்கள் பேசும்போது ஒரு தவறான தகவலைத் திருத்தக் கை உயர்த்தினார். ‘பொதுமக்களின் நேரம் முடிந்தது’ என்று தவிசாளர் சொல்லிவிட்டார். சமையல் மணம், வாகனம் நிறுத்த இடமின்மை, அதிகாலையில் வரும் சரக்கு வண்டி ஆகிய மூன்று காரணங்களைச் சொல்லி ஆட்சேபணைத் தீர்மானம் நிறைவேறியது. கடுமையாகப் பேசிய கவுன்சிலர் அந்த ஊரின் பப்பை நடத்துபவர். அன்றிரவே ஊர் முகநூல் குழுவில், ‘கறி நாற்றம் வேண்டாதவர்கள் உடனே பிளானிங்குக்கு எழுதுங்கள், இவர்கள் நம் ஊரை மாற்றப் பார்க்கிறார்கள்’ என்று அவர் பதிவு போட்டிருக்கிறார்.

‘வந்த இடத்தில் வாயைத் திறக்காதே, விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துவிடுவோம்’ என்கிறார் கணவர். ‘இனத்துவேச வழக்குப் போடு’ என்கிறார் ஹரோவில் இருக்கும் மைத்துனர். ஆறு பேர் கையெழுத்திட்டால் ஊர்க்கூட்டம் கூட்டலாம் என்கிறார் ஒரு வாடிக்கையாளர். தினமும் பேப்பர் வாங்க வரும் ஒரு முதிய பெண்மணி, ‘கவுன்சிலில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, நீயே சேர்’ என்று அறிவிப்புப் பலகையைப் படம் எடுத்துக் காட்டியிருக்கிறார். வாசகி கேட்பது: ‘அவர்கள் மறுத்துவிட்டார்கள். இனிக் கடையையே மூட வைப்பார்களா? எனக்குப் பிரித்தானியப் பிரஜாவுரிமை இல்லை, நிரந்தர வதிவிட உரிமைதான். நாங்கள் சைவக்காரர், அது சேர்ச் சம்பந்தப்பட்ட சபை வேறு. யாரிடம் போய் முறையிடுவது?’

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் விண்ணப்பத்தை இன்னும் யாரும் மறுக்கவில்லை. மறுக்கும் அதிகாரம் பரிஷ் கவுன்சிலுக்கு இல்லவே இல்லை. நம் ஊரில் வீட்டு வரைபடத்தைப் பிரதேச சபையில் கொடுத்து அங்கேயே அனுமதி வாங்கிப் பழகியவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவது இயல்பு. இங்கே பிளானிங்கில் முடிவெடுப்பது மாவட்டக் கவுன்சில். பரிஷ் கவுன்சில் தன் கருத்தை எழுதி அனுப்பலாம், அவ்வளவுதான். உங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் அதே போல எழுதலாம்.

அப்படியானால் அவர்கள் எதற்கு இருக்கிறார்கள்? விளையாட்டுத் திடல், தோட்டத் துண்டுகள், இடுகாடு, பஸ் தரிப்பிடம், வாங்குகள், சில ஊர்களில் தெருவிளக்கும் மண்டபமும். உங்கள் கவுன்சில் டாக்ஸ் பில்லை எடுத்துப் பாருங்கள். பொலிஸுக்கு ஒரு தொகை, மாவட்டத்துக்கு ஒரு தொகை என்று பிரித்திருக்கும் பட்டியலில் பரிஷுக்கும் தனியாக ஒரு சிறு தொகை இருக்கும். அந்தப் பணத்தில்தான் அவர்கள் புல் வெட்டுகிறார்கள். மேல்மாடியில் குடியிருப்பதால் அதில் உங்கள் பங்கும் உண்டு.

கடையை மூட வைப்பார்களா என்றால், முடியாது. மதுபான உரிமம், உணவுச் சுகாதாரம், சத்தம், மணம் பற்றிய முறைப்பாடு எல்லாம் மாவட்டக் கவுன்சிலின் கையில். வீதி, கவுண்டி கவுன்சிலின் கையில். பரிஷ் கவுன்சில் எதையாவது செய்ய விரும்பினால் இவர்களில் ஒருவருக்குக் கடிதம்தான் எழுத வேண்டும்.

சேர்ச் பற்றிய பயமும் வேண்டாம். 1894ஆம் ஆண்டுச் சட்டம் ஊர் நிர்வாகத்தைத் தேவாலயத்திலிருந்து பிரித்துத்தான் இந்தக் கவுன்சில்களை உருவாக்கியது. தேவாலயத்துக்கென்று வேறு சபை இருக்கிறது. சில பரிஷ் கவுன்சில்கள் கூட்டத்துக்கு முன் ஜெபம் சொல்வதுண்டு, அதைச் சட்டம் அனுமதிக்கிறது. நீங்கள் அதில் கலந்துகொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அந்தக் கூட்டத்தில் உங்களைப் பேச விடாதது அநியாயமாகத் தோன்றும். ஆனால் தவிசாளர் சட்டத்தை மீறவில்லை. பரிஷ் கவுன்சில் கூட்டத்துக்குப் போய் உட்கார 1960ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. 2014இலிருந்து ஒலி, ஒளிப்பதிவு செய்யவும் உரிமை உண்டு. பேசும் உரிமை மட்டும் சட்டத்தில் இல்லை, அது அந்தந்தக் கவுன்சிலின் நிலையியல் விதிப்படி. மூன்று நிமிடம் என்பது பல இடங்களில் உள்ள வழக்கம். (ஹாண்ட்ஃபோர்த் பரிஷ் கவுன்சிலர்கள் ஸூமில் கத்திச் சண்டையிட்ட கூட்டத்தைக் கண்டு 2021இல் உலகமே சிரித்ததைப் பார்த்திருப்பீர்கள். அதோடு ஒப்பிட்டால் உங்களுடையது ஒழுங்கான கூட்டம்.) ஒன்றை மட்டும் சரிபாருங்கள். கூட்டத்துக்கு முழுதாக மூன்று நாள் முன்பாவது நிகழ்ச்சி நிரல் ஒட்டப்பட வேண்டும், அதில் உங்கள் விண்ணப்பம் தெரியும்படி குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். ‘பிளானிங்’ என்று ஒற்றைச் சொல் மட்டும் இருந்திருந்தால், அதைச் சுட்டிக்காட்டிக் கவுன்சிலின் செயலாளரான கிளார்க்குக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம்.

முடிவு வர இருக்கும் மூன்று வாரத்தில்

உங்கள் சக்தி எல்லாம் போக வேண்டிய இடம் இதுதான். பரிஷ் கவுன்சிலோடு வாதாடிக்கொண்டிருந்தால் இந்த மூன்று வாரமும் போய்விடும். மாவட்டக் கவுன்சிலில் உங்கள் கோப்பைப் பார்க்கும் பிளானிங் அதிகாரிக்கு எழுதுங்கள். கடிதத்தின் மேலே விண்ணப்ப இலக்கம் இருக்கட்டும்.

அதிகாரி ஆட்சேபணைகளின் எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. சத்தம், மணம், போக்குவரத்து, வாகனத் தரிப்பு போன்றவை பிளானிங்கில் எடுபடும் காரணங்கள். வீட்டு விலை குறையும், பப்புக்குப் போட்டி வரும், கடைக்காரர் எங்கிருந்து வந்தவர் என்பவை எடுபடாதவை. பரிஷ் கவுன்சில் சொன்ன மூன்று காரணங்களும் முதல் வகை. எனவே அவற்றைத் துவேசம் என்று ஒதுக்கிவிடாமல் ஒவ்வொன்றுக்கும் நேரடியாகப் பதில் கொடுங்கள்.

மணத்துக்கு: எந்த எக்ஸ்ட்ராக்டர், எண்ணெய்ப் பிசுக்குக்கு எந்த ஃபில்டர், கார்பன் ஃபில்டர் உண்டா, புகைக்குழாய் எந்தப் பக்கம் எவ்வளவு உயரத்தில் முடிகிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை துப்புரவு. விற்பனையாளரிடம் கேட்டால் விவரத்தாள் தருவார்கள், அதையே இணைக்கலாம். ‘மணம் வராது’ என்று நீங்கள் எழுதும் ஒரு பக்கத்தை விட அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம். வாகனத்துக்கு: இரண்டு மூன்று மாலைகள் கடைக்கு முன்னால் நிற்கும் கார்களை நேரத்தோடு படம் எடுத்து அனுப்புங்கள். அதிகாலைச் சரக்கு வண்டி இப்போது பேப்பரும் பாலும் கொண்டுவருவதுதானே? புதிய சமையலறைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று இரண்டு வரி போதும். கூடவே, இரவு எத்தனை மணிக்கு மூடுவீர்கள் என்பதை நீங்களே நிபந்தனையாக முன்வையுங்கள். நிபந்தனையோடு அனுமதி தர அதிகாரிகளுக்கு எளிது.

ஆதரவான வாடிக்கையாளர்களிடம் எழுதச் சொல்லலாம். ஆனால் ஒரே கடிதத்தை நகல் எடுத்துக் கையெழுத்து வாங்காதீர்கள். பஸ் இல்லாத ஊரில் கடையும் போஸ்ட் ஒஃபிஸும் நிலைக்க வேண்டும் என்று ஒருவர் தன் சொந்த வார்த்தையில் எழுதினால் அது நிற்கும். கிராமக் கடைகள் நிலைக்கவும் வளரவும் உதவ வேண்டும் என்பது இங்கிலாந்தின் தேசியப் பிளானிங் கொள்கையிலேயே உண்டு. உங்கள் ஊருக்கென்று ‘நெய்பர்ஹுட் பிளான்’ ஒன்று நிறைவேறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பரிஷ் கவுன்சில் முன்னெடுத்து, ஊரார் வாக்களித்து ஏற்றுக்கொண்ட அந்த ஆவணத்துக்கு, ஒரு ஆட்சேபணைக் கடிதத்துக்கு இல்லாத சட்ட பலம் இருக்கிறது. ஊர்க் கடையை ஆதரிக்கும் வாசகம் அதில் இருந்தால், அவர்களின் ஆவணத்தையே உங்களுக்குச் சாட்சியாகக் காட்டலாம்.

உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பரில் திருத்திய தேசியக் கொள்கை, பள்ளிக்கூடங்களுக்கு நடந்து போகும் தூரத்தில் புதிய டேக்அவே (சூடான உணவு கட்டிக்கொடுக்கும்) கடைகளை நகர மையத்துக்கு வெளியே அனுமதிக்க வேண்டாம் என்கிறது. உங்கள் கடிதத்தில், பிள்ளைகள் நடந்தே பள்ளிக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். பப் உரிமையாளரை விட இந்த ஒரு பத்தி எனக்குக் கவலை தருகிறது. விண்ணப்பத்தில் ‘டேக்அவே’ என்று மொட்டையாகப் போட்டிருக்கிறீர்களா, அல்லது பிரதானமாகக் கடை, அதன் ஒரு பகுதியாக வாரத்தில் மூன்று மாலை மட்டும் சூடான உணவு என்று விளக்கியிருக்கிறீர்களா? பள்ளி விட்டு நெடுநேரம் கழித்துத்தான் அடுப்புப் பற்றவைப்பீர்கள் என்பதையும் எழுத்தில் கொடுங்கள். இந்த ஓர் இடத்துக்கு மட்டும் ஒரு பிளானிங் ஆலோசகருக்குச் சிறு கட்டணம் கொடுப்பது வீண் செலவு ஆகாது.

உங்கள் கணவர் சொல்வது போலத் திரும்ப எடுக்கலாமா? முன்பு ஒருமுறை இலவசமாக மறுபடி விண்ணப்பிக்க வழி இருந்தது. 2023 டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது திரும்ப எடுத்தால் அடுத்த முறை முழுக் கட்டணம். மாறாக, மறுப்பு வந்தால், பிளானிங் மேன்முறையீடுகளை விசாரிக்கும் அரச அமைப்பான பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டுக்கு மேன்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணம் இல்லை. இந்த மாதிரி விண்ணப்பத்துக்குப் பொதுவாக ஆறு மாத அவகாசம். அதிகாரியே ‘இன்ன மாற்றம் செய்து வாருங்கள்’ என்று சொன்னால் ஒழியத் திரும்ப எடுக்காதீர்கள்.

இன்னொன்று, சில மாவட்டங்களில் பரிஷ் கவுன்சில் ஆட்சேபித்தால் கோப்பு அதிகாரியின் மேசையிலிருந்து பிளானிங் குழுவுக்குப் போய்விடும். உங்கள் பகுதி நடைமுறை என்ன என்று அதிகாரியிடம் கேளுங்கள். குழுவுக்குப் போனால் விண்ணப்பதாரர் பேசவும் பெரும்பாலும் இடம் தருவார்கள். அங்கும் மூன்று நிமிடம்தான் கிடைக்கும். இந்த முறை ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள், வீட்டில் கடிகாரம் வைத்து இரண்டு தரம் வாசித்துப் பழகுங்கள்.

பப் நடத்துபவர் பேசியதும் வாக்களித்ததும்

ஒவ்வொரு பரிஷ் கவுன்சிலரும் தன் தொழில், சொத்து விவரங்களைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அது பொதுமக்கள் பார்ப்பதற்குத்தான், மாவட்டக் கவுன்சிலின் இணையதளத்தில் கிடைக்கும். தன் பணநலன் தொடர்பான விடயம் வந்தால் விவாதத்திலும் வாக்கெடுப்பிலும் கலந்துகொள்ளக் கூடாது என்பது 2011ஆம் ஆண்டு லோக்கலிஸம் சட்டம். தகுந்த காரணமின்றி மீறினால் அது குற்றமும் ஆகும். உணவு விற்கும் பப் வைத்திருப்பவர், உணவு விற்கப் போகும் கடையைப் பற்றி வாக்களித்தது அந்த வரையறைக்குள் வருமா, இல்லை கவுன்சிலின் நடத்தைக் கோவையை மீறியது என்ற அளவில் நிற்குமா என்பது வாதத்துக்குரியது. அதை முதலில் பார்ப்பவர், கவுன்சிலர்களின் நடத்தை பற்றிய முறைப்பாடுகளைக் கவனிக்கும் மாவட்டக் கவுன்சிலின் மொனிட்டரிங் ஒஃபிசர். முறைப்பாட்டை அவருக்கே அனுப்ப வேண்டும். உள்ளூராட்சி பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மனுக்கு எழுதிப் பயனில்லை, பரிஷ் கவுன்சில் விடயங்களை அந்த அலுவலகம் எடுப்பதில்லை.

முதலில் கூட்டக் குறிப்பை வாங்குங்கள். அவர் தன் நலனை அறிவித்தாரா, அறிவித்த பின்னும் இருந்தாரா என்று அதில் தெரியும். அதைப் பார்க்காமல் முறைப்பாடு செய்வது அவசரம். பெரிய தண்டனையையும் எதிர்பார்க்க வேண்டாம். கண்டனம், மன்னிப்புக் கேட்கச் சொல்வது, பயிற்சிக்கு அனுப்புவது, பெரும்பாலும் அந்த அளவுதான். ஆனால் அந்தத் தீர்மானத்தின் மீது இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பது பிளானிங் அதிகாரிக்கும் தெரிந்திருப்பது நல்லது.

முகநூல் பதிவும் மைத்துனரின் யோசனையும்

பதிவை, பின்னூட்டங்களோடும் திகதியோடும், இன்றே ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். பதில் எழுதாதீர்கள். உங்களுக்காக வேறு யாரும் சண்டை போடவும் விடாதீர்கள். ‘கறி நாற்றம்’, ‘இவர்கள்’ என்ற வார்த்தைகள் உங்களைக் காயப்படுத்தியதில் வியப்பில்லை, அவை சாதாரணமாகச் சொல்லப்பட்டவை என்று நான் சமாதானம் சொல்லப் போவதுமில்லை. மொனிட்டரிங் ஒஃபிசருக்கு எழுதும்போது இதையும் சேருங்கள். தனிப்பட்ட ஆளாக எழுதினேன் என்று அவர் சொல்லக்கூடும். அதே இரவில் அதே விடயத்தைப் பற்றி, கவுன்சிலர் என்று ஊருக்கே தெரிந்த ஒருவர் எழுதியது என்பது உங்கள் பதில். பதிவு மிரட்டலாக மாறினால், அல்லது கடைக்கு வந்து யாராவது இனத்தைச் சொல்லித் திட்டினால், அது பொலிஸுக்குப் போக வேண்டியது.

வழக்குப் பற்றி: 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் பரிஷ் கவுன்சிலையும் கட்டுப்படுத்தும். கவுண்டி நீதிமன்றத்தில் வழக்குப் போட, சம்பவத்திலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு நாள் குறைவான அவகாசம். ஆனால் கவுன்சிலின் தீர்மானத்தில் உள்ள மூன்று காரணங்களிலும் இனம் இல்லை. ஒருவரின் பதிவை வைத்து முழுக் கவுன்சிலின் முடிவையும் பாகுபாடு என்று நிறுவுவது கடினம், செலவும் தோற்கும் வாய்ப்பும் அதிகம். மைத்துனர் ஹரோவில் இருக்கிறார், அந்த ஊரில் கடை திறப்பது நீங்கள். ஆறு மாதக் கணக்கை நாட்காட்டியில் குறித்துவிட்டு, முதலில் பிளானிங் முடிவைப் பார்ப்போம். இடையில் இலவச ஆலோசனை வேண்டுமானால் ஈக்வாலிட்டி அட்வைஸரி சப்போர்ட் சேர்விஸ் என்ற உதவி மையத்தை அழைக்கலாம்.

ஆறு பேர் சேர்ந்து ஊர்க்கூட்டம் கூட்டலாம் என்பது உண்மைதான், வாக்காளர் பட்டியலில் உள்ள ஆறு பேர் வேண்டும். அங்கே எடுக்கும் முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது. ஊர்ப் பணத்தில் வாக்கெடுப்பு நடத்தும் நிலை வந்தால், அந்தச் செலவுக்கும் உங்கள் கடைதான் காரணம் என்று பேசுவார்கள். விட்டுவிடுங்கள்.

அந்தப் பெண்மணி சொன்னது

கடிதத்தில் இதை நீங்கள் சிரிப்போடு எழுதியிருக்கிறீர்கள். நான் சிரிக்கவில்லை. இலங்கை கொமன்வெல்த் நாடு. இங்கே எந்த வகை விசாவில் சட்டப்படி வசித்தாலும் இலங்கைப் பிரஜைகள் வாக்காளராகப் பதியலாம், உள்ளூர்த் தேர்தல் மட்டுமல்ல, பொதுத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். நம்மவர்களில் எத்தனையோ பேருக்கு இது தெரியாது. பிரித்தானியப் பாஸ்போர்ட் வந்த பிறகுதான் வோட்டு என்று வருடக்கணக்காகக் காத்திருப்பார்கள். கவுன்சிலராக வர, விசாக் கட்டுப்பாடு இல்லாத நிரந்தர வதிவிட உரிமை வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது. பதினெட்டு வயதுக்கு மேல், வாக்காளர் பட்டியலில் பெயர், அல்லது கடந்த 12 மாதமாக அந்த ஊரில் வசிப்பு, அல்லது பிரதான வேலை. கடைசி மூன்றில் ஒன்று போதும், வசிப்பும் வேலையும் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கின்றன.

இடம் காலியானதாக அறிவித்த பின் 14 வேலை நாளுக்குள் பத்து வாக்காளர் கேட்டால் தேர்தல். யாரும் கேட்காவிட்டால் கவுன்சில் தானே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும். கிராமங்களில் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது, சில இடங்களில் ஆளே கிடைப்பதில்லை. கிளார்க்குக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் விண்ணப்பிக்கும் விதம் சொல்வார். சம்பளம் எதிர்பார்க்க வேண்டாம். மாதத்தில் ஒரு மாலை போகும், அந்த மாலைகளில் கடையைக் கணவர் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சேர்ந்துவிட்டால் 28 நாளுக்குள் உங்கள் கடையையும் வீட்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும். உங்கள் விண்ணப்பம் பற்றிய பேச்சு வந்தால் பப்காரர் செய்யத் தவறியதாக நீங்கள் சொல்வதை நீங்கள் செய்ய வேண்டும், விவாதத்திலும் வாக்கெடுப்பிலும் கலந்துகொள்ளாமல் இருக்க வேண்டும், பல கவுன்சில்களில் அறையை விட்டே எழுந்து போக வேண்டும். சமையலறைக்கு அனுமதி வாங்கத்தான் சேர்கிறேன் என்று நினைத்தால் சேர வேண்டாம், அந்த விடயத்தில் உங்களுக்கு வாயே இருக்காது. பஸ், பள்ளிக்கூட வீதி, போஸ்ட் ஒஃபிஸ் கவுண்டர் பற்றி உங்களுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் சேருங்கள். நாள் முழுக்கக் கல்லாவில் நின்று ஊரின் குறைகள் எல்லாம் கேட்பவருக்கு நிறைய இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அறிவிப்புப் பலகையில் உள்ள திகதியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வாக்காளர் பதிவை மட்டும் அதற்கும் காத்திருக்காமல் இந்த வாரமே செய்துவிடுங்கள், கணவருக்கும் சேர்த்து.